டாக்டரிடம் சொல்லாத மிளகு

குமுளியில் மிளகு, ஏலக்காய் வாங்கி விற்கிறேன். போன வருடம் வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடக் கம்பத்துக்குப் போனேன். "இந்தப் பல்லுக்கு மெட்டல் கேப்தான் நல்லாத் தாங்கும். பீங்கான்னா கடினமா எதையும் கடிக்கக் கூடாது. கடிப்பீங்களா?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா. "முறுக்குகூடத் தொடமாட்டேன்" என்று சொல்லி, வெள்ளை வெளேரென்ற பீங்கானையே போட்டுக்கொண்டேன்.

மறுவாரம், மிளகு கொண்டுவந்த செல்லம்மா அக்கா, "நல்லாக் காஞ்சிருக்கு, பாருங்க தம்பி" என்றார். காய்ந்ததா என்று பார்க்க நாங்கள் கடித்துத்தான் பார்ப்போம். வழக்கம்போல் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தேன். படக்கென்று ஒரு சத்தம்.

"ஐயோ தம்பி, வாயில ரத்தம்!"

துப்பினால் மிளகோடு பாதிக் கேப் வந்தது. மீதியைக் காணோம். உடனே கம்பத்துக்கு அதே டாக்டரம்மாவிடம் ஓடினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், நல்லவேளை, அது வயிற்றில் கிடந்தது. "மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? எதையும் கடிக்க மாட்டேன்னீங்களே!" என்று டாக்டரம்மா சத்தம் போட்டார்.

"அது தின்கிறதுக்கு இல்ல டாக்டர், தொழிலு" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

இப்போது அந்தப் பல்லில் மெட்டல் கேப். மிளகின் ஈரம் பார்க்க மெஷின் வாங்கிவிட்டேன். எந்த டாக்டரிடம் போனாலும், என்ன சாப்பிடுகிறேன் என்பதற்கு முன்னால், என்ன வேலை செய்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.