மாடசாமிக்கு முகம் வைத்தவர்

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த கோமதிநாயகம் என்ற பெயர் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. சங்கரன்கோவிலில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பேனர் நாயகம் என்று கேளுங்கள், வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அவர் பேனர் வரைந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஃப்ளெக்ஸ் வந்ததும் தியேட்டர்காரர்கள் அவரை மறந்துபோனார்கள். அதைச் சொல்லி ஒப்பாரி வைக்க நான் உட்காரவில்லை. மனிதர் அதற்குப் பிறகு நம்பர் பிளேட் எழுதினார், கடை ஷட்டருக்குப் பெயர் எழுதினார், பள்ளிக்கூடச் சுவரில் இந்தியா வரைபடம் போட்டார். நான் வீட்டில் தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக் கொடுத்தேன். எப்படியோ சாப்பிட்டோம்.

நான் சொல்ல வந்தது ஒரு முகத்தைப் பற்றி.

ராஜகம்பீரன் என்று ஒரு நடிகர் இருந்தார். எங்கள் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். மரத்தைச் சுற்றி ஆடமாட்டார், அழமாட்டார். பன்னிரண்டு பேரை அடித்துப்போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். பேச்சு ரொம்பக் குறைவு. அவர் நடிப்பதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகியும் இந்த ஊர் அவரை விடவில்லை. முறைத்துப் பார்க்கிற பிள்ளையை, "நீ என்ன பெரிய கம்பீரனால?" என்றுதான் இன்றைக்கும் அதட்டுகிறோம். எங்கள் தெரு சித்தீக்கின் சலூனில் கண்ணாடிக்கு மேலே அவர்தான். ஆட்டோவின் முதுகில் அவர்தான். அவர் படம் ஒன்றைக்கூடத் தியேட்டரில் பார்த்திராத பையன்கள் முழங்கையில் அவரைப் பச்சை குத்திக்கொண்டு திரிகிறார்கள். போனில் யாருக்காவது கோபம் வந்தால் அவர் படத்தைத்தான் அனுப்புகிறார்கள், அதற்குமேல் ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை.

எனக்குப் பதினேழு வயதில் அவர் அடிக்கடி கனவில் வருவார். எங்கள் கரிசக்காட்டில் வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்கும். பருத்திச் செடிகளுக்கு நடுவே தூரத்திலிருந்து நடந்து வருவார். புழுதி எழும்பாது, செடி அசையாது. பக்கத்தில் வருவதற்குள் விடிந்துவிடும். அந்தக் கனவில் அவர் யாரையும் அடித்ததில்லை. வெறுமனே நடந்து வருவார், அவ்வளவுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

சம்பந்தம் பேச வந்தவர்கள், மாப்பிள்ளை டவுன் தியேட்டரில் ராஜகம்பீரனை வரைகிறவர் என்றார்கள். உடனே தலையை ஆட்டிவிட்டேன். என்ன கூலி, எத்தனை நாள் வேலை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

கல்யாணம் முடிந்த வருஷம் மத்தியானச் சோறு கொண்டு தியேட்டரின் பின்பக்கம் போவேன். பெரிய முகத்தை ஒரே துணியில் வரையமாட்டார்கள். தனித்தனிச் சட்டமாக வரைந்து, பிறகு மேலே ஏற்றிச் சேர்ப்பார்கள். அதனால் வேப்பமரத்தடியில் ஒரு காது கிடக்கும். தண்ணீர்த் தொட்டி ஓரம் பாதி மீசை காயும். புருவம் சுவரில் சாய்ந்திருக்கும். நான் தூக்குவாளியோடு மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் கொலுசு சத்தம் போட நடந்து போவேன். அந்த ஒரு வருஷம் நான் தரையில் நடந்த மாதிரியே ஞாபகம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலநீலிதநல்லூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு ஊரிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதுவரை அங்கே மாடசாமி என்றால் வெறும் பீடம்தான், சுண்ணாம்பு அடித்த ஒரு தூண். மழை நன்றாகப் பெய்து பருத்தி விளைந்த வருஷம் என்பதால் சாமிக்குச் சிலை வைக்க ஆசைப்பட்டார்கள். கொத்தனார் பத்தடி உயரத்துக்குச் சிமெண்டில் உடம்பைச் செய்து, கையில் அரிவாளும் கொடுத்துவிட்டார். தலை மட்டும் வழுவழுவென்று இருந்தது. முகம் வைக்க இவர் போனார். கூடவே நானும் சோற்றுச் சட்டியோடு போனேன்.

மூன்று மாதமாக இவர் ராஜகம்பீரனைத் தவிர வேறு யாரையும் வரைந்ததில்லை. படம் நூறு நாளைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, வெயிலில் வெளுக்க வெளுக்கப் புதுசு போட வேண்டியிருந்தது. சாரத்தில் ஏறி, ஈரச் சிமெண்டைக் கரண்டியால் இழைத்தார், வர்ணம் அடித்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தி வெளிச்சத்தில், விடத்தலை மரத்துக்கு மேலே, என் கனவில் வந்த ஆள் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு முகம் செத்துவிட்டது.

"வேணும்னு செய்யலட்டி. கை அதுவாப் போயிட்டு. வெளிய சொல்லிராத" என்றார்.

ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. படத்தில் பேன்ட் போட்டு வருகிறவரை, கொண்டையும் குண்டலமும் வைத்தால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள். சாமி துடியாக இருக்கிறது என்று குலவையிட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் களவு, வரப்புத் தகராறு, புருஷன் பெண்டாட்டி சந்தேகம் எல்லாமே மாடசாமி முன்னால்தான் தீரும். தரையில் சூடத்தைக் கொளுத்துவார்கள். சத்தியம் செய்கிறவன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்துவிட்டு நன்றாக வாழ்ந்தவன் கிடையாது என்பார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். நான் மட்டும் அங்கே கை கூப்பியதில்லை. எனக்கு வேண்டியதை இங்கே கோமதி அம்மனிடம் கேட்டுக்கொள்வேன். சினிமாக்காரனைக் கும்பிட நான் என்ன கிறுக்கச்சியா என்று வீட்டில் அவரைக் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் வர்ணம் புதுப்பிக்க அவரையே கூப்பிடுவார்கள். போனால் நாலு நாள் இருந்து, அதே முகத்தை அதே மாதிரி எழுதிவிட்டு வருவார். தியேட்டரில் அவர் வரைந்த அத்தனையும் போய்விட்டது. துணியைக் கிழித்துத் தொழுவத்துக்குப் படுதாவாகக் கட்டினார்கள். சுவர் எழுத்தின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். அறுபத்தேழு வயது மனிதருக்கு, இதை நான் செய்தேன் என்று காட்ட இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது காட்டுக்குள் நிற்கிற அந்த ஒரு முகம்தான். அதையும் காட்டிப் பெருமைப்பட வழியில்லை.

போன சித்திரையில், கொடைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ராஜகம்பீரன் இறந்துபோனார். நல்ல வயதுதான். இருந்தாலும் டிவியில் பார்த்தபோது என் கை நூல் தாரை விட்டுவிட்டது. ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் முளைத்தது. எல்லாரும் பழைய படங்களைத் தேடித் தேடிப் போனில் போட்டார்கள். அதில் ஒன்றில் அவர் ஏதோ ராஜா வேஷத்தில், கொண்டையும் குண்டலமுமாக இருந்தார். அந்த ஊர்ப் பிள்ளை எவனோ அதன் பக்கத்தில் மாடசாமியை ஒட்டி வாட்சப்பில் போட்டுவிட்டான். ஒரு ராத்திரியில் சுற்றுப்பட்டு முழுக்கப் பரவிவிட்டது.

முதலில் அந்த ஊரில் எழுந்த கேள்வி என்ன தெரியுமா? முகத்துக்காரர் செத்ததால் சாமிக்குத் தீட்டு உண்டா இல்லையா, கொடை நடத்தலாமா கூடாதா என்பதுதான். இரண்டு நாள் அதைப் பேசியிருக்கிறார்கள். பிறகுதான் வெட்கம் வந்திருக்கிறது. கொடைக் கமிட்டிச் செயலாளர் வேல்ராஜ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். முப்பத்தைந்து வயது, தாலுகா ஆபீசில் வேலை. காப்பியைக்கூடத் தொடவில்லை.

"அண்ணாச்சி, திருவேங்கடத்து ஊர்க்காரன் வரைக்கும் எங்களப் பாத்துச் சிரிக்கான். கம்பீரன் ரசிகர் மன்றம்னு சொல்லுதான். அந்த மூஞ்சியக் கொத்தி எடுத்துட்டு வேற ஆள வச்சுப் புதுசு பண்ணப் போறோம். பூசாரிதான் விடல. நீங்க வந்து மாடசாமிக்கு முன்னால, இது அந்த நடிகன் மூஞ்சி இல்லன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனா அப்படியே விட்டுரலாம்னு சொல்லுதாரு. வெள்ளிக்கிழம வந்துருங்க" என்றான்.

அவன் போனதும் இவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இல்லன்னு சொல்லிச் சூடத்த அடிச்சிட்டு வாங்க. ஒரு பொய். ஒரே ஒரு பொய்" என்றேன்.

"மாடசாமிக்கு முன்னாலயாட்டி?"

"எந்த மாடசாமி? நீங்க வச்ச சிமெண்டு. நீங்க வச்ச மூஞ்சி. அதுக்கு முன்னால பொய் சொன்னா அது வந்து ஒங்களக் கடிக்கவா போவுது?"

வெள்ளிக்கிழமை வரை அவரை நான் விடவில்லை. சோறு போடும்போது சொன்னேன், தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சொன்னேன். அவர் கையால் ஆனது உலகத்தில் ஒன்றே ஒன்று, அதையும் உளி வைத்துக் கொத்துவார்கள். அதற்குப் பிறகு இந்த மனிதர் எதற்குக் காலையில் எழுந்திருப்பார்?

வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் போனோம். ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசல் வானத்தின் விளிம்புவரை கிடந்தது. கானல் ஓடியது. அந்தக் கானலில் யாரோ நடந்து வருகிற மாதிரி எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, மடியில் இருந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஊரே கூடியிருந்தது. சாரம் கட்டி, உளியும் சுத்தியலும் எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். புது வர்ண டப்பாக்களும் இருந்தன. பூசாரி வேல்சாமி எழுபதைத் தாண்டியவர், தலையைத் தூக்கி ஒருமுறை எங்களைப் பார்த்தார். தரையில் வெற்றிலையை வைத்து அதன்மேல் சூடத்தைக் கொளுத்தினார்.

"வே நாயகம், சொல்லும்" என்றார்.

இவர் குனிந்து கையை நீட்டினார். உள்ளங்கை தீக்கு மேலே நின்றது. காற்றே இல்லை, வெயில் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. இவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என்னுடைய இரண்டு கையும் எப்போது சேர்ந்தன என்று எனக்குத் தெரியாது. இந்த ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள், இவரை ஒன்றும் செய்துவிடாதே என்று வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

சூடம் தானாக எரிந்து முடிந்து அணைந்துவிட்டது. இவர் கை அதைத் தொடவே இல்லை.

"என்னால முடியல பூசாரி. அந்த நடிகன் மூஞ்சிதான். நான்தான் வச்சேன். ஒங்களுக்கு முப்பத்தெட்டு வருசமாச் சொல்லல. என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வேல்ராஜ் உளியை எடுத்துவிட்டான். பூசாரி அவனைப் பார்க்காமல் இவரிடம்தான் கேட்டார்.

"இல்லன்னு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா மூஞ்சி தப்பிச்சிருக்கும்லா. ஏன்வே சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"யாருக்குப் பயந்தீரு?"

இவர் துண்டை எடுக்காமலே மேலே அந்த முகத்தை நோக்கிக் கையைக் காட்டினார்.

பூசாரி திருநீற்றுக் கொப்பரையை எடுத்து வந்து சிலையின் காலில் பூசினார், மிச்சத்தை இவர் நெற்றியில் பூசினார். வேல்ராஜைத் திரும்பிப் பார்த்து, "உளிய உள்ள வையில. கறுப்பு டப்பாவத் தொறந்து இவருகிட்டக் குடு. மீசை வெளுத்துக் கெடக்கு" என்றார். வேல்ராஜ் வாயைத் திறந்தான், அதற்குள் பெண்கள் குலவையிட்டுவிட்டார்கள்.

சாயங்காலம்வரை சாரத்தில் இருந்தார். ஊர்ப் பிள்ளைகள் கீழே நின்று, இவர்தான் வரைந்தவர் என்று போனில் படம் பிடித்தார்கள். அந்த முகத்துக்குப் பக்கத்தில் அவருடைய முகத்தை வைத்து யாரும் படம் எடுத்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும் பஸ்ஸில் விரலெல்லாம் கறுப்பாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேலநீலிதநல்லூர் தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"நான் கைய நீட்டுனப்போ நீ கும்பிட்டுக்கிட்டு நின்னியாம். பூசாரி சொன்னாரு. யாரக் கும்பிட்ட?"

சுருக்கென்று ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மாடசாமியத்தான்" என்றேன்.