இரட்டை முடிச்சு

எங்கள் ஊர்க் கிராம முன்சீப் சாவுப் பதிவேட்டில் பொய் எழுதினார். என் தங்கையின் சாவைப் பதியச் சாவடிக்குப் போன நான் கண்ணால் பார்த்தேன்.

ஆவடியில் பட்டாள முகாம் கட்டிக்கொண்டிருந்த காலம். ஊர்ச் சாவுகளை வந்து சொல்வது தலையாரி வேலை. ஒடிசலான ஆள், தூக்கமில்லாத சிவந்த கண். எழுதத் தெரியாததால் ஒரு சாவுக்கு இடுப்புக் கயிற்றில் ஒரு முடிச்சு போடுவார். கழுத்து விறைத்துச் செத்திருந்தால் இரட்டை முடிச்சு. முன்சீப் எழுதி முடித்ததும் அவிழ்ப்பார்.

"இந்த வாரம் நாலு ரெட்டை முடிச்சு சாமி. காய்ச்ச வந்து, கயுத்து கட்டையாட்டம் விறைச்சிக்கினு பூட்டாங்க. அப்டியே எயுதுனா பூந்தமல்லி டாக்டரு வருவாரு."

"வெறும் காய்ச்சல்னு எழுதிட்டேன். தொத்து நோய்னா முகாம் வேலைக்கு நம்ம ஊரு ஆளை எடுக்க மாட்டான். போடா."

"செத்தவன் எப்டி சாமி வேலைக்குப் போவான்?"

முன்சீப் பதிவேட்டை மூடினார். தலையாரி, என் தங்கைக்குப் போட்டதையும் சேர்த்து, அந்த நாலு முடிச்சையும் அவிழ்க்காமலே நடந்தார். அவற்றை யாரிடம் காட்ட வைத்திருந்தார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் தலையாரியின் தெருவிலேயே மூன்று குழந்தைகள் செத்தன. முன்சீப் ஐயா, டாக்டரை ஏன் வரவிடவில்லை? அந்தத் தாய்மார்கள் முன்னால், சாவடியில் நின்று பதில் சொல்லுங்கள்.