ஒட்டாத காய்ச்சல்

வளைகாப்பு போட்டு மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் விடும், மதியம் ஏறும். பத்து நாளாகியும் போகவில்லை. அனந்தபுரத்திலிருந்து சம்மந்தியம்மா என் மனைவியிடம் போனில் நேராகவே சொல்லிவிட்டார்.

"ஜொரம் இருக்கிற ஊட்டுக்கு மாசமா இருக்கிறவள எப்படிம்மா அனுப்புறது? ஒட்டிக்கினா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நானே தனித்தட்டு வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான் படுத்திருந்தேன்.

செஞ்சி ஆஸ்பத்திரியில் மலேரியா, டெங்கு, டைபாய்டு என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒன்றிலும் ஒன்றுமில்லை.

"வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். என்னோடு மூட்டை தூக்குகிறவர் ஒருவர் வரிசையில் பின்னால் நின்றிருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

அது பொய். அதற்குச் சில வாரம் முன்பு எனக்கு வலிப்பு வந்திருந்தது. புதுச்சேரியில் கொடுத்த மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து விழுங்கிவந்தேன். மனைவிக்கு மட்டும் தெரியும். சம்மந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்.

மறுமுறை மனைவியும் கூட வந்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள். கூட்டம் போகும்வரை உட்கார்ந்திருந்து கடைசியாக உள்ளே போனோம். மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"ஜொரத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடிலேர்ந்து" என்றாள் மனைவி.

"காய்ச்சல்னா கிருமிதான்னு இல்ல. சிலருக்கு மாத்திரையே காய்ச்சல் குடுக்கும். இதுவா இருக்கலாம். நீங்களா நிறுத்தக் கூடாது, மறுபடி வலிப்பு வந்துடும். இத எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட பேசி வேற மாத்தித் தரேன்."

"இது ஒட்டுங்களா?" நானாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"ஒட்டாது."

மாத்திரை மாறிய நான்காம் நாள் மதியம் உடம்பு சுடவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு, சம்மந்தியம்மாவுக்கு நானே போன் போட்டேன். வலிப்பையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் காய்ச்சலைச் சொல்ல வழியில்லை.

"இத மறைச்சு வெச்சிக்கினுதான் எங்கள இத்தினி நாள் கலங்க வெச்சீங்களா? மாத்திரைய வேளைக்குப் போடுங்க. வெள்ளிக்கிழம வந்து வளையல் போட்டு இட்டுனு போங்க."

மகள் போனை வாங்கினாள். "நைனா, இன்னும் தனித்தட்டுதானா?"

"இல்லம்மா" என்றேன். தட்டு கொட்டகையில்தான் கிடந்தது. போனை வைத்துவிட்டு, அதை எடுத்துவந்து கழுவி மற்றத் தட்டுகளோடு அடுக்கினேன்.