அன்ஸெல்ம் பிரித்து வைத்த பாட்டில்

ரயில்வே கேட்டில் தவிர அன்ஸெல்ம் வாழ்நாளில் யாரையும் நிறுத்தி வைத்ததில்லை. எங்கள் ஊர் கேட்டில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் எது சொன்னாலும் "ஆகட்டும்" என்பார். ஊருக்கு அவர் தங்கமான மனுஷன். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு மட்டும் அந்த "ஆகட்டும்" காதில் விழும்போதெல்லாம் யாருக்கோ ஏமாற்றம் காத்திருக்கிறது என்று தோன்றும்.

ஞானஸ்நானமோ அறுவடை விருந்தோ, பழைய ஒயின் மேசைக்கு வருகிறதென்றால் தக்கையை எடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதுதான் அவருடைய ஒரே பெருமை. குடும்பம் என்று இருந்தது அக்கா ஓனோரின் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

அந்த வீட்டில் பதினொரு வருஷமாக அவள் பிள்ளைகள் இருவருக்கும் பேச்சில்லை. அப்பா போனதும் திராட்சைத் தோட்டத்தைப் பங்கு போட்டார்கள். எல்லைக்கல் எங்கே நிற்பது என்று அப்போது கிளம்பிய சண்டை. மூத்தவன் ஃபெர்னான் ஒரு ஞாயிறு வந்தால் இளையவன் எமே மறு ஞாயிறு வருவான். எண்பது வயது முடிந்த ஓனோரின் பிறந்த நாளுக்கு ஒன்றே ஒன்று கேட்டாள். 1929இல் அவள் புருஷன் போட்ட ஒயினில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. அதை இருவரும் ஒரே மேசையில் குடிக்க வேண்டும். ஒரே பாட்டிலில் குடித்தவர்கள் அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் பக்கம் கிடையாது.

வெள்ளிக்கிழமை மூத்தவன் அன்ஸெல்மிடம் வந்தான். "மாமா, காலைலயே திறந்து குடுவைல ஊத்தி வச்சிடுங்க. அப்பா அப்படித்தான் செய்வாரு. நாலு மணி நேரம் காத்தாடினாத்தான் ருசி வரும்."

"ஆகட்டும்பா."

சனிக்கிழமை இளையவன். "அப்பா காலைல திறந்து வச்சதெல்லாம் புது ஒயின், மாமா. இது நாப்பத்தஞ்சு வருஷக் கிழம். காத்து பட்டா அரை மணில செத்துடும். மேசைல உக்காந்தப்புறம் திறங்க. முன்னாடியே திறந்தது தெரிஞ்சா நான் எழுந்து போயிடுவேன்."

"ஆகட்டும்பா."

எமே சொன்னதுதான் சரி. அது அன்ஸெல்முக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

ஞாயிற்றுக்கிழமை வானம் பழுப்பாகக் கிடந்தது. அறுவடைக்கு இரண்டு வாரம்தான் இருந்ததால் ஆலங்கட்டிக்குப் பயந்து ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஓனோரினின் சமையலறையில் கோழி வாட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு அன்ஸெல்ம் பாட்டிலோடு நிலவறையிலிருந்து ஏறி வந்தார். மண்டி அடியில் தங்குவதற்காக அதை மூன்று நாள் நிமிர்த்தி வைத்திருந்தார். கழுத்துக்குக் கீழே மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு குடுவையில் ஊற்றினார். நனைந்த இலையும் உலர்ந்த பழமுமாக அடுப்பு வரைக்கும் வாசனை வந்தது. பாதியில் நிறுத்தி, பாட்டிலுக்குப் புதுத் தக்கை ஒன்றை அடைத்தார்.

"என்னண்ணே இது?"

"குடுவைல இருக்கிறது பெரியவனுக்கு. பாட்டில்ல இருக்கிறது சின்னவனுக்கு. ரெண்டு பேருக்கும் சொன்ன மாதிரியே செஞ்சாச்சு."

"பாதி காலியான பாட்டில்ல மேல் பாதி என்ன இருக்கு? அதுவும் காத்துதானே?"

"தக்கை போட்டாச்சே, சொலாஞ்."

"காத்தை உள்ள விட்டுத்தான போட்டிருக்கீங்க. பேசாம ரெண்டு பேர்கிட்டயும் உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா ஒருத்தன் எழுந்து போயிடுவான். அக்கா தாங்க மாட்டா."

அப்போதே நான் ஓனோரினிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடாமல் கோழியைத் திருப்பிப் போட்டேன். அதற்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

மதியம் மேசையின் ஒரு முனையில் அண்ணன், மறு முனையில் தம்பி. முதலில் பரிமாறிய நத்தைக் கறி சாப்பிட்டு முடிந்தது. அன்ஸெல்ம் சமையலறையிலேயே ஊற்றிய கோப்பைகளைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். பழைய ஒயினை யாரும் கண் மறைவில் ஊற்றுவதில்லை. ஓனோரின் கோப்பையை எடுக்காமல் கேட்டாள்.

"பாட்டில் எங்க, தம்பி?"

"தூக்கிட்டு வந்தா மண்டி கலங்கிடும்க்கா."

ஃபெர்னான் ஒரு வாய் குடித்துக் கஷ்டப்பட்டு விழுங்கினான். எமே கைக்குட்டையில் துப்பினான். தூரத்தில் இடி உருண்டது. ஃபெர்னான் தன் கோப்பையை மேசையில் தம்பி பக்கம் தள்ளினான்.

"இதைக் குடிச்சுப் பாரு."

பதினொரு வருஷத்தில் முதல் வார்த்தை. எமே குடித்துவிட்டுத் தன் கோப்பையை அண்ணனிடம் தள்ளினான். "இதையும் பாரு." இரண்டுமே காடிப் பானை கழுவின தண்ணீர் மாதிரி புளித்துப் போயிருந்தன.

"உன்கிட்ட மாமா என்ன சொன்னாரு?"

"மேசைல திறக்கிறேன்னாரு. உன்கிட்ட?"

"காலைல திறக்கிறேன்னாரு."

"அப்பாவோட கடைசி பாட்டில்."

"ரெண்டு பேரையும் ஏமாத்திட்டாரு."

"ஆமாண்ணே."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே இரண்டுபட்ட வீடு ஒன்றானது, பாவம், இந்த மனுஷனின் தலையில் விடிந்தது. ஓனோரின் தன் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை அவருக்காகச் சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"நீ வீட்டுக்குப் போ, தம்பி," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அன்ஸெல்முக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. தக்கை எடுக்கவும் ஊரில் யாரும் கூப்பிடுவதில்லை. போன வாரம் வேலியோரம் நின்று என்னைக் கேட்டார்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா?"

"பேசிக்கிறாங்கண்ணே."

"எதைப் பத்தி?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உங்களைத்தான் திட்டிட்டு இருக்காங்க."

"என்னைத் திட்டுறது தீந்து போனா மறுபடியும் எல்லைக்கல்லுக்குத்தான் போவாங்க. நான் அந்தப் பக்கம் போகாம இருக்கிறதுதான் நல்லது, சொலாஞ்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.