விமானத்தின் அடிவயிறு

எங்கள் வீட்டில் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. அதில் உட்கார்ந்து சாப்பிட்டது கல்யாணமான முதல் வருஷம் மட்டும்தான். அதன்பிறகு அது என் வீட்டுக்காரரின் விமானத் தளம். பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் வாடை, தூரிகைகள், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், நடுவில் முழ நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் போர் விமானம். நாங்கள் இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டே இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

விமானம் பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். ஒட்டி, சாம்பல் நிறம் அடித்து முடிக்க ஒரு வாரம். பார்க்க லட்சணமாக இருக்கும். அதோடு விட்டால் என்ன? விடமாட்டார். அடுத்த மூன்று வாரம் அதை அழுக்காக்குவார். பிய்ந்த பஞ்சை வெள்ளிப் பெயிண்டில் தொட்டு ஒற்றி, விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் மட்டும் நிறம் உதிர்ந்தது மாதிரி செய்வார். புகை வெளியேறும் குழாய்க்குப் பின்னால் கரித்தூளை விரலால் தேய்ப்பார்.

"பறந்த விமானம்னா அழுக்காத்தான் இருக்கும். பளபளன்னு இருந்தா அது பொம்மை" என்பார்.

அழுக்காக்க இவ்வளவு பாடுபடுகிற மனுஷரிடம் ஜன்னலைத் துடைக்கத் துணியை நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். இத்தனை வருஷத்தில் துடைக்கும் துணியை அவர் தொட்டதே இல்லை. சோம்பேறி என்று நினைத்தேன். என் அம்மாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

இளவயதில் அவர் விமானப்படையில் மெக்கானிக். அவர் பொறுப்பில் ஒரே ஒரு விமானம். ஒரு நாள் காலை கிளம்பிப் போன அது திரும்பி வரவில்லை. விமானியோடு கடலில் விழுந்துவிட்டது. காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். இவர் வேலையை விட்டுவிட்டு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சேர்ந்தார். எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

போன மாதம் அந்த விமானியின் மனைவி இவர் விமானம் செய்வதை எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டு போன் செய்தார். "அவர் கடைசியாப் போன விமானம் அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே செஞ்சு தரணும் தம்பி. அதைக் கடைசியா கிட்டத்துல பார்த்தவர் நீங்கதானே" என்றார்.

செய்தார். எல்லாம் சரியாக வந்தது, அடிவயிறு மட்டும் வரவில்லை. கறை போட்டார், அழித்தார், மறுபடியும் போட்டார். மூன்றாவது முறை அழித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "அடியில யாருங்க குனிஞ்சு பார்க்கப் போறாங்க?" என்றேன்.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அப்போதுதான் சொன்னார். அந்த விமானத்தின் அடியில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது, மெல்லிய கோடாக. அவர்கள் வேலையில் ஒரு விதி: கறையைப் பார்த்தால் முதலில் பதிவேட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் துடைக்க வேண்டும். எழுதினால் விமானம் அன்று பறக்காது. அன்றைக்கென்று பெரிய அதிகாரி பார்வையிட வந்திருந்தார். அவர் பார்வைக்குக் கறையோடு நிறுத்தினால் திட்டு விழும், பறக்காமல் நிறுத்தினால் அதைவிடப் பெரிய திட்டு. இவர் எழுதாமலே துடைத்துவிட்டார். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று.

"உள்ளபடி செஞ்சா, இத்தனை அழுக்குக்கு நடுவுல அந்த இடம் மட்டும் பளிச்சுன்னு இருக்கும். ஏன்னு கேப்பாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. போன உயிருக்காகவும் அந்த அம்மாளுக்காகவும்தான். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னோடு குடித்தனம் நடத்தினாரே என்றும்தான்.

"கேக்கட்டும். நீங்களே சொல்லிடுங்க. அவங்களுக்குத் தெரியணும்."

"சொல்லிடறேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் பார்த்தால் அடிவயிறு முழுக்க ஒரே சீராக அழுக்கு. எந்தக் கேள்வியும் வராத அழுக்கு. கடைசியில் மேலே வார்னிஷ் அடிப்பது அவர் வழக்கம். அது காய்ந்தால் எதுவும் அழியாது. அடிப்பக்கத்துக்கு மட்டும் இன்னும் அடிக்கவில்லை. மனசு மாறுவார் என்று நான் நம்பியது அதை வைத்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள் வந்தார். விமானத்தைத் தொடாமல் ரொம்ப நேரம் பார்த்தார். நிறம் உதிர்ந்த இடத்தைக் காட்டி, "இங்கதான் கால் வச்சு ஏறுவாரா?" என்று கேட்டுச் சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. அடிப்பக்கம் இப்படி இருக்காதே? அன்னிக்கு அவர் கிளம்பறதுக்கு முன்னாடி விமானத்தைச் சுத்திப் பார்த்துட்டு வந்து எனக்கு போன் பண்ணாரு. 'நம்ம மெக்கானிக் பையன் அடிவயித்தைக் கண்ணாடி மாதிரி தொடச்சு வச்சிருக்கான். அவன் இருக்கற வரைக்கும் எனக்குப் பயமே இல்ல'ன்னு சொன்னாரு. கடைசியா என்கிட்ட பேசினது அதுதான்."

நான் என் வீட்டுக்காரரையே பார்த்தேன். சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் வாயைத் திறந்தார்.

"ஆமாங்க மேடம். மறந்துட்டேன்."

பஞ்சுக் குச்சியைத் தின்னரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதோ, இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று காட்டினார். அதையும் துடைத்தார். அழியாமல் இருக்க வார்னிஷும் அடித்தார்.

காய்ந்ததும் அந்த அம்மாள் அவருடைய வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்தக் கைதான் அவரைப் பத்திரமா அனுப்பி வச்சது" என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் இருந்தது. இன்னொரு டீ போடட்டுமா என்றுதான் கேட்டேன்.