சாப்பாட்டோடு ஒரு குளிசை

எனக்கு அறுபது வயதானதற்குப் பிள்ளைகள் சேர்ந்து என்னையும் மனைவியையும் கென்யாவுக்கு அனுப்பி வைத்தார்கள். லண்டனில், செவன் கிங்ஸ் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சியில் சிங்கம் பார்ப்பதே எனக்குப் போதும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? ஆனால் நாட்டின் பெயரைச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

காட்டு விடுதியில் இறங்கியதும் முகம் துடைக்க ஈரத்துவாயும் குடிக்க மாம்பழச் சாறும் தந்தார்கள். "இங்கே வருவது முதல் தடவையா?" என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் கேட்டார். மனைவி என்னை முந்திக்கொண்டு ஆம் என்றாள். நானும் தலையாட்டினேன்.

பொய். முப்பது வருடங்களுக்கு முன், லண்டனுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் என்னையும் இன்னொரு பெடியனையும் நைரோபியில் ஓர் அறையில் ஏழு மாதம் வைத்திருந்தான். இருவருக்கும் படுக்க ஒரே பாய், சாப்பிட ஒரே பீங்கான். கதவைத் திறக்கக்கூடாது, வெளியே தலை காட்டக்கூடாது. ஆபிரிக்காவுக்கு வந்தும் ஒரு குரங்கைக்கூடக் காணவில்லையே என்று அவன் பகிடி விடுவான்.

அடுத்துப் போகவேண்டியவன் அவன்தான். பாஸ்போர்ட் வந்த கிழமை அவனுக்குக் காய்ச்சல். நடுக்கத்தில் பல் கிட்டியது. மலேரியா என்று இருவருக்கும் தெரியும். ஏஜென்ட் காய்ச்சலுக்கு இரண்டு பனடோல் குளிசையை வைத்துவிட்டு, "டிக்கெட் வீணாப் போகுது. நீ போறியோ?" என்று என்னிடம் கேட்டான். நான் யோசித்தேன் என்றுதான் இத்தனை வருடமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். யோசிக்கவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த அவன் படத்தை எடுத்துவிட்டு என் படத்தை ஒட்டினார்கள். புறப்படும்போது அவன் கண்ணைத் திறந்து, "போன உடனை ஃபோன் எடு மச்சான்" என்றான்.

லண்டன் எட்மண்டனுக்கு வந்து ஒன்பதாம் நாள்தான் எடுத்தேன். ஏஜென்ட் தந்திருந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு கல்யாண மண்டபத்திலும் கோயில் தேரிலும் அவன் முகத்தைத் தேடாத நாளில்லை. கண்டால் கட்டிப்பிடிப்பேனா, ஓடி ஒளிப்பேனா என்று தெரியாது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு ஆளில்லை.

மனைவிக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. முதல் நாள் மாலையே சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். இந்த மண்ணில் வைத்துச் சொன்னால் பாதிப் பாவமாவது குறையும் என்று ஒரு மடத்தனமான எண்ணம்.

பொழுது சாயும்போது யானைகள் தண்ணீர் குடிக்க வந்தன. மனைவி ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இருட்டினால் கூடாரத்தைத் திறக்காதீர்கள், வெளியே வராதீர்கள் என்று வழிகாட்டி சொன்னார். அந்த விதி எனக்குப் பழக்கம்தான்.

சாப்பாட்டு மேசையில் சூப் வந்தது. மனைவி கைப்பையைத் திறந்து என் கிண்ணத்தருகே ஒரு குளிசையை வைத்தாள். மலேரியாக் குளிசை.

"இஞ்சாருங்கோ, இதைப் போடுங்கோ. சாப்பாட்டோட எடுக்கச் சொல்லியெல்லோ பார்மசியிலை சொன்னவை."

கையில் எடுத்தேன். அப்படியொரு சின்னக் குளிசை.

"நான் உமக்கு ஒண்டு சொல்ல வேணும்."

"முதல்லை குளிசையைப் போடுங்கோ" என்றவள், அந்தப் பக்கம் வந்த வழிகாட்டியிடம் திரும்பி, இங்கே இன்னும் மலேரியாவில் ஆட்கள் சாகிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நேரத்துக்கு மருந்து கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள், அம்மா" என்றார் அவர். "பக்கத்தில் கொண்டுபோக ஒரு ஆள் இருந்தால் போதும்."

மனைவியின் முகம் தெளிந்தது. "கேட்டியளே? பயப்பிட ஒண்டுமில்லை. ஓம், என்னவோ சொல்ல வந்தியள்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "சூப்புக்கு உப்புக் காணாது."

குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். சிக்காமல் இறங்கிவிட்டது.