பயனாளிப் பட்டியலில் என் மகள்

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே நகங்கள் கொஞ்சம் ஊதாவாக இருக்கும். அழுதால் உதடும் சேர்ந்து கறுத்துவிடும். அதனால் எங்கள் காலனியில் அவளை யாரும் அழவிடுவதில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கும். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்று என்னைத்தான் ஏசுவார்கள். அது இதயக் கோளாறு என்று எனக்கும் தெரியாது, என்னோடு நடவுக்கு வரும் பெண்களுக்கும் தெரியாது. பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். அந்தப் படிப்பைக் கொண்டுபோய் ஏரியில் கொட்ட வேண்டும்.

அவளுக்கு மூன்று வயதானபோது பால்வாடிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. பிறவிக் குறை உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடிக்க அரசாங்கம் அனுப்புகிற வண்டி. கண்டுபிடித்தால் ஆபரேஷன் வரை இலவசம். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. முதல் நாள் பால்வாடி டீச்சர் வீடுவீடாக வந்து சொன்னது இவ்வளவுதான்: "நாளிக்கு டாக்டர் வராரு. பசங்கள சுத்தபத்தமா கூட்டிக்கினு வாங்க. போன தபா மூக்கு ஒழுவிக்கினு வந்து என் மானத்த வாங்கிட்டீங்க."

காலனிப் பிள்ளைகள் அழுக்கு என்று ஒருத்தர் வாயில் வந்துவிடக் கூடாது. அந்த ரோஷம் எங்களுக்கு எப்போதும் உண்டு. வெளியாள் வந்து பார்க்கிறார் என்றால் பிள்ளையைக் கல்யாணத்துக்குக் கிளப்புகிற மாதிரி கிளப்புவோம். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா மருதாணி அரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "நகம் அசிங்கமா கீதுடி. டாக்டர் பார்த்தா இன்னா நெனப்பாரு? இத வெச்சி வுடு." நான்தான் வைத்தேன். பத்து விரலுக்கும் தொப்பி போட்டு, துணி சுற்றி, அவள் தூங்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் நல்ல சிவப்பு.

அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ். ஒன்று அழ, அதைப் பார்த்து எல்லாமும் வீல் வீலென்று கத்தின. அந்தச் சத்தத்தில் டாக்டர் பிள்ளைகளின் சட்டை, கவுனுக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், எடுத்தார். என் பெண் மட்டும் அழவில்லை. கையில் பிஸ்கட் கொடுத்து மடியில் வைத்திருந்தேன். நர்ஸ் அவள் விரலைப் பிடித்துப் பார்த்து, "மருதாணி சூப்பரா புடிச்சிருக்கே" என்றாள். நோட்டில் ஒரு டிக் போட்டார்கள். இவளைப்போல் சமர்த்து யாருமில்லை என்று பெருமையாக வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

மறைத்தது நான்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஊர்ச் சுவர் முழுக்க என்னென்னவோ எழுதிவைக்கிறார்களே. நகத்தைப் பார், அழும்போது உதட்டைப் பார் என்று அதில் ஓர் ஓரமாக எழுதியிருந்தால் நான் அந்த மருதாணியைத் தொட்டிருப்பேனா? அந்த டாக்டராவது கவுனைக் கழற்றிப் பார்த்திருக்கக் கூடாதா?

பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, நாலடி ஓடினால் குந்திக்கொள்வாள். சோம்பேறி என்று நானே முதுகில் ஒன்று வைத்திருக்கிறேன். காய்ச்சலுக்காக உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோதுதான் அங்கிருந்த நர்ஸம்மா உதட்டைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்ளோ நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று கேட்டார். சென்னைக்கு அனுப்பினார்கள். இதயத்தில் ஓட்டை, சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டும், காப்பீட்டில் செய்துவிடலாம் என்றார்கள்.

காப்பீட்டில் சேர்க்க அவள் பெயர் ரேஷன் கார்டில் இருக்கவேண்டும். ரேஷன் கார்டில் ஏற்ற, பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கவேண்டும். பெயர் வைக்கும் முன்பே வாங்கிய சான்றிதழ் அது. போன இடமெல்லாம் அடுத்த வாரம் வா என்றார்கள். நடையாய் நடந்து எல்லாத் தாளையும் கொடுத்துவிட்டு, அனுமதிக்குக் காத்திருந்தோம். ஒரு நாள் காலையில் தலை வாரும்போது சிக்கு இழுத்ததென்று அழ ஆரம்பித்தாள். என்ன கொடுத்தும் அழுகை நிற்கவில்லை, உதடு கறுத்துக்கொண்டே போனது. ஆட்டோ உத்திரமேரூர் போய்ச் சேர்வதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டாள். ஐந்து வயது.

அவளைப் புதைத்த ஒன்பதாம் நாள், ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது.

மறு வருஷம் கல்யாண மண்டபம் ஒன்றில் பிறவி இதய நோய் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார்கள். "பயனாளிங்க லிஸ்ட்ல உங்க பாப்பா பேர் கீதும்மா. கூட்டிக்கினு வாங்க" என்று ஓர் ஆள் போனில் சொன்னார். அனுமதி கொடுத்த பெயர்களையெல்லாம் அப்படியே பட்டியலாக எடுத்திருக்கிறார்கள். யார் பிழைத்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. வருகிறேன் என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மேடையில் மைக் பிடித்தவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, என் மகளின் பெயரைச் சொன்னார். நல்ல குரல் அவருக்கு. அரசின் உதவியால் இன்று மற்ற பிள்ளைகளோடு துள்ளி விளையாடுகிறாள் என்றார். மண்டபமே கைதட்டியது. "பாப்பா வரலியாம்மா? நல்லா இருக்கறாளா?" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

மைக்கை வாங்கினேன். அவள் பெயரை வாய்விட்டு ஒருவர் சொல்லிக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. இங்கே அத்தனை ஜனமும் அவள் எங்கேயோ ஓடியாடிக்கொண்டிருக்கிறாள் என்று நம்பி உட்கார்ந்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"நல்லா கீது சார்" என்றேன். "இஸ்கூலுக்குப் போயிருக்குது."